பெல்ட் போட்டும் சிமெண்ட் கடைப் பையன்களுக்கு முதுகுவலி: பதில்

மூட்டை தூக்கும் பையன்கள் இடுப்பில் பெல்ட் கட்டியும் முதுகு வலிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பெல்ட்டை மாற்றிப் பயனில்லை, மூட்டை இருக்கும் உயரத்தை மாற்றுங்கள். காயமில்லாதவர் முதுகை பெல்ட் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் 1994-லேயே சொல்லிவிட்டது.

50 கிலோ மூட்டையை ஒருவரே தரையிலிருந்து எடுத்து, நின்ற இடத்திலேயே திரும்பி வண்டியில் வைக்கிறார் என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான். நையாஷ் கணக்கில், எல்லாம் சாதகமாக இருந்தாலே ஒருவர் தூக்கும் வரம்பு 23 கிலோ. குனிந்து, முறுக்கித் தூக்கினால் அது இன்னும் குறையும். இருவர் பிடித்தாலும் ஆளுக்கு 25 வருகிறது பாருங்கள். அதனால் இரு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

நாளைக்குக் கொஞ்ச நேரம் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள்.

1. மூட்டை முழங்காலுக்குக் கீழிருந்து எழுகிறதா? முழங்கால் உயரத்துக்கு ஆடாத மேடை போடுங்கள். சிமெண்டில் தரை ஈரமும் ஏறாது.

2. பாதம் நகராமல் இடுப்பு மட்டும் திரும்புகிறதா? மூட்டை ஏற்றும் வண்டியை இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். நடந்துதான் வைக்க முடியும் என்றால் கால் தானாகத் திரும்பும்.

இதெல்லாம் இனி வராமல் தடுக்கத்தான். ஏற்கெனவே வலிப்பவருக்குக் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.