ஒரு அட்டை விளக்கு, 42 பிள்ளைகள், 15,000 ரூபாய்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வாரம் ஒரு பீரியட் ஒதுக்கி எலெக்ட்ரானிக்ஸ், கோடிங், டிஜிட்டல் டிசைன் மூன்றையும் தொடங்கச் சொல்கிறார் தலைமையாசிரியர். வகுப்பில் 42 பேர். ஓடுகிற கம்ப்யூட்டர் 10. முன்னாள் மாணவர்கள் கொடுத்த 15,000 ரூபாய் கையில் இருக்கிறது. எனக்கே சர்க்யூட் புதிது. எந்த கிட் வாங்கலாம்? எதை முதலில் எடுக்கலாம்?

பதில்: கிட் எதுவும் வாங்காதீர்கள், டீச்சர். பெட்டியில் முப்பது வகை சென்சார் இருக்கும், பிள்ளைகள் ஒவ்வொன்றையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள், அதோடு சரி. அதற்குப் பதிலாக ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: இருட்டினால் தானே எரியும் அட்டை விளக்கு. நீங்கள் கேட்ட மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

முதல் மூன்று வாரம் கம்ப்யூட்டர் பக்கமே போக வேண்டாம். இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு சிவப்பு எல்.இ.டி., மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) போதும். இரண்டு பேட்டரி சேர்ந்து 3 வோல்ட். அதில் சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 1 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் 10 மில்லிஆம்பியர், அது எல்.இ.டி.க்குப் பாதுகாப்பான அளவு. ஓம் விதி என்று பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை, கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். நிறத்தில் மட்டும் கவனம்: வெள்ளை, நீல எல்.இ.டி.க்களுக்கு 3 வோல்ட் அளவில் தேவைப்படும் என்பதால் இந்த சர்க்யூட்டில் மங்கலாகத்தான் எரியும்.

துளைகளில் கால்களைச் செருகி சர்க்யூட் அமைக்கும் பலகையான பிரெட்போர்டுதான் பிள்ளைகளை அதிகம் குழப்பும். பழையது ஒன்றைப் பின்பக்கம் பிரித்து, உள்ளே இருக்கும் உலோகப் பட்டைகளைக் காட்டிவிடுங்கள். ஒரு வரிசையில் ஐந்து துளைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன, நடுப்பள்ளத்தைத் தாண்டி இணைப்பு கிடையாது என்பதைக் கண்ணால் பார்த்தால் மறக்காது. அப்படியும் சிலர் எல்.இ.டி.யின் இரண்டு காலையும் ஒரே வரிசையில் செருகிவிட்டு, “எரியல மிஸ்” என்று வருவார்கள். அப்போது உங்கள் கை அந்தப் போர்டுக்குப் போகக் கூடாது. “கரண்ட் எந்த வழியா போகுதுன்னு விரலால காட்டு” என்று மட்டும் கேளுங்கள். பாதி வழியில் விரல் நின்றுவிடும், தவறு எங்கே என்று அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். நான் கற்பிக்கத் தொடங்கிய முதல் வருடம் ஓடி ஓடிச் சரிசெய்து கொடுத்தேன். வருடக் கடைசியில் சர்க்யூட் கற்றுக்கொண்டது நான் ஒருவன்தான்.

அப்புறம் கோடிங். பிரிட்டனில் 2016இல் சுமார் பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் என்ற, நிரல் எழுதி இயக்கும் சின்ன போர்டை இலவசமாகக் கொடுத்தார்கள். நல்ல போர்டுதான். ஆனால் நம் ஊர் விலைக்கும், பிரெட்போர்டோடு நேராக ஒயர் இணைக்கவும் ஆர்டுயினோ ஊனோ என்ற போர்டு வகைதான் வசதி என்பது என் கணக்கு. அதன் வடிவமைப்பு திறந்த உரிமத்தில் இருப்பதால் அதைப் பார்த்துச் செய்த மலிவான போர்டுகள் சென்னை ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைக்கும். ஏழு வாங்கினால் போதும். மூன்று பேருக்கு ஒன்று என 21 பேர் போர்டில் இருக்கும்போது மற்ற 21 பேர் அட்டை வேலை செய்யட்டும், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். ஏழு கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு, மூன்று வரைவதற்கு. வகுப்புக்கு முந்தைய நாளே ஒவ்வொரு போர்டையும் இணைத்துப் பார்த்துவிடுங்கள். மலிவான போர்டு பலவற்றுக்கு சிஎச்340 என்ற சிப்புக்கான டிரைவர் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட வேண்டியிருக்கும். கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகமாக இருந்தால் டேட்டா போகாது. அப்படி ஒரு கேபிளால் எனக்கு ஒரு பீரியட் முழுசாகப் போயிருக்கிறது.

நீங்கள் பழகுவதற்கு டிங்கர்கேட் தளத்தில் இதே போர்டைத் திரையிலேயே இலவசமாக இயக்கிப் பார்க்கலாம். கட்டளைக் கட்டங்களும் எழுத்து வடிவ நிரலும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

விளக்குக்கு வருவோம். வெளிச்சம் கூடினால் மின்தடை குறையும் எல்.டி.ஆர். என்ற சிறு வில்லையின் ஒரு காலை 5 வோல்ட்டிலும், மறு காலை போர்டில் ஏ0 (A0) என்று குறித்திருக்கும் பின்னிலும் இணையுங்கள். அதே ஏ0விலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று கிரவுண்டுக்கு (போர்டில் GND) போக வேண்டும். போர்டு 0 முதல் 1023 வரை ஒரு எண் சொல்லும். எல்.இ.டி.யை உடனே சேர்க்காமல் ஒரு பீரியட் முழுக்க எண்ணை மட்டும் பார்க்கட்டும். வகுப்பு வெளிச்சத்தில் 700, கையால் மூடினால் 200 என்று வந்தால், நடுவில் 450க்குக் கீழே போனால் எரியட்டும் என்று அவர்களே முடிவு செய்வார்கள். போர்டின் 5 வோல்ட்டுக்கு எல்.இ.டி.யோடு 220 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், அதன் மேலுள்ள வண்ணக் கோடுகள்: சிவப்பு, சிவப்பு, பழுப்பு. மூன்றும் சிவப்பாக இருந்தால் அது 2,200 ஓம், விளக்கு மங்கிவிடும்.

எல்லாவற்றையும் அட்டைக் கூண்டுக்குள் வைத்து மூடும்போதுதான் வேடிக்கை. விளக்கு படபடவென்று மின்னும். இருட்டில் எரிகிறது, அந்த வெளிச்சம் எல்.டி.ஆர். மேலேயே விழுகிறது, விடிந்துவிட்டது என்று நினைத்து அணைகிறது, மறுபடி இருட்டு. எனக்குத் தெரிந்து இந்தப் பாடத்திலேயே சிறந்த பீரியட் இதுதான். ஒரு குழு நிரலில் காத்திருப்பு நேரம் சேர்க்கும், மின்னுவது மெதுவாகுமே தவிர நிற்காது. இன்னொரு குழு 300க்குக் கீழே எரி, 600க்கு மேலே அணை என்று இரண்டு எல்லை வைக்கும், விளக்கின் சொந்த வெளிச்சம் 600ஐத் தொடாதவரை அது பலிக்கும். யாராவது ஒரு பிள்ளை நடுவில் ஒரு துண்டு அட்டையைச் செருகி முடித்துவிடும். கோடிங்கில் தேடிய விடை டிசைனில் கிடைக்கும்.

அந்தத் தடுப்போடு கூண்டை இங்க்ஸ்கேப்பில் மறுபடி வரையட்டும். வரைவதற்கான இலவச மென்பொருள் அது, அளவை மில்லிமீட்டரில் வைக்கலாம். ஏ4 தாளில் அச்சிட்டு அட்டையில் ஒட்டி வெட்டலாம். அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று இருந்தால் சுருங்கி, துளைக்குள் எல்.இ.டி. நுழையாது.

பட்டன் பேட்டரி வேண்டாம், வீட்டில் தம்பி தங்கைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சுவர் பிளக்கில் எந்தச் சோதனையும் கூடாது. வோல்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டர் இரண்டு, எல்.இ.டி. நூறுக்குக் குறையாமல் வாங்குங்கள், கண்டிப்பாகச் சில கருகும். எல்லாம் சேர்த்து உங்கள் பணத்தில் பாதியைச் சுற்றித்தான் வரும்.

எனக்கே புதிது என்கிறீர்கள். ஒரு விளக்கை முதலில் நீங்களே வீட்டில் செய்து பாருங்கள். மின்னினால் சரிசெய்யாமல் அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.