சின்னத் தொலைநோக்கிக்குப் பாரம் குறைந்த மவுண்ட்: யாழ்ப்பாண வானத்துக்கு எது பொருந்தும்?

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி: அண்ணை, 90 மில்லிமீற்றர் மக்சுடோவ் (லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்த கட்டைத் தொலைநோக்கி) குழாய் கையில இருக்கு, அதைத் தாங்கித் திருப்புற மவுண்ட் இல்லை. மோட்டச்சைக்கிளில கட்டிக்கொண்டு போகக்கூடியதா வேணும். ஈக்குவற்றோரியல்தான் (ஒரு அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே சாய்ச்சு வைக்கிற வகை) எடுக்கவேணும் எண்டு எல்லாரும் சொல்லினம். உண்மையோ?

பதில்: அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஐம்பது பாகை வடக்கில் இருப்பவர்கள். யாழ்ப்பாணம் இருப்பது வடக்கு 9 பாகை 40 கலையில். இங்கே நட்சத்திரம் கிழக்கில் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். ஓரியனின் இடுப்புப் பட்டையைப் பாருங்கள்: உதித்து மூன்று மணி நேரத்தில் 44 பாகை மேலே வந்துவிடும், பக்கவாட்டில் விலகுவது 10 பாகைகூட இல்லை. ஆகவே மேல்-கீழ், இடம்-வலம் மட்டும் அசையும் அல்ற்-அசிமத் மவுண்டே போதும். கிழக்கிலும் மேற்கிலும் பெரும்பாலும் ஒரு குமிழோடு காரியம் முடிந்துவிடும்.

மெதுவாக நகர்த்தும் குமிழ் மட்டும் கட்டாயம் இருக்கட்டும். 100 மடங்கு உருப்பெருக்கத்தில், 50 பாகை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) தெரிவது அரைப் பாகை வானம். வியாழன் அதை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். கையால் தள்ளினால் ஆட்டம் அடங்கும்போது கோள் ஓரத்துக்குப் போயிருக்கும்.

உங்கள் குழாய் ஒன்றரைக் கிலோ அளவில் வரும். ஸ்கைவாட்சர் ஏஇசட் புரொன்டோ மாதிரி 3 கிலோ தாங்கும் மவுண்ட் தாராளம். பெட்டியில் போட்டிருக்கும் தாங்கு எடையில் பாதிக்கு மேல் ஏற்றாமல் இருப்பது என் கணக்கு. எடையைவிட நீளம் மோசம் என்பதையும் மறக்க வேண்டாம். 900 மில்லிமீற்றர் நீளக் குழாய் 3 கிலோதான் என்றாலும், அதே எடையுள்ள கட்டை மக்சுடோவைவிடக் கனக்க ஆடும்.

சாவகச்சேரி: என்னட்ட இருக்கிறது 90/900 (விட்டம் 90, குவியத்தூரம் 900 மில்லிமீற்றர்) லென்ஸ் தொலைநோக்கி. வியாழன் உச்சிக்கு வரேக்க குழாயின்ர பின்பக்கம் முக்காலிக் காலில முட்டுது. மவுண்டில பிழையோ?

பதில்: மவுண்டில் பிழையில்லை, எங்கள் வானம் அப்படி. சூரியப் பாதை வான நடுக்கோட்டில் இருந்து இரண்டு பக்கமும் 23 பாகை போகிறது. நாங்கள் அந்தப் பட்டைக்குள் இருக்கிறோம். லண்டன்காரனுக்குக் கோள்கள் தலைக்கு மேல் வருவதே இல்லை, எங்களுக்கு அடிக்கடி வரும். ஆகவே இங்கே மவுண்ட் வாங்குகிறவர் முதலில் பார்க்கவேண்டியது, உங்கள் குழாயைப் பூட்டி நேரே மேலே நிமிர்த்தினால் கால் தட்டுகிறதா என்பதைத்தான்.

வழி மூன்று. தலைக்கும் முக்காலிக்கும் இடையில் 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீட்டுத்தூண் ஒன்று போடலாம். இதுதான் சரியான தீர்வு, கொஞ்சம் ஆட்டம் கூடும். அல்லது முக்காலியைத் திருப்பி, குழாயின் பின்பக்கம் இரண்டு கால்களுக்கு நடுவே இறங்கும்படி வைக்கலாம். செலவில்லை. மூன்றாவது, குழாயை வளையத்துக்குள் முன்னுக்குத் தள்ளுவது. பின்பக்கம் குறுகும், ஆனால் முன்பாரம் கூடித் தலை கவிழும், பின்னால் எடை கட்டவேண்டி வரும். நான் இதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

உச்சிக்குக் கிட்ட இன்னொரு தொல்லை. கோள் சிறிது நகர்ந்தாலும் மவுண்டைப் பக்கவாட்டில் நிறையச் சுழற்றவேண்டும். மல்லுக்கட்ட வேண்டாம். அரை மணி நேரம் பொறுத்தால் கோள் ஏழு பாகை அளவில் விலகிவிடும், அதற்குள் தேத்தண்ணி குடிக்கலாம்.

நெல்லியடி: பழைய ஈகியூ (ஈக்குவற்றோரியல்) மவுண்ட் ஒண்டு வீட்டில கிடக்கு. அச்சைப் பத்துப் பாகைக்கு இறக்கினா, குழாயைச் சமன் செய்யிற எதிர்ப்பாரக் கம்பி காலில இடிக்குது. பின் போல்ட்டும் தடுக்குது.

பதில்: அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால் எதிர்ப்பாரம் தலைக்கு வடக்குப் பக்கமாகத் தொங்கும். பெட்டிக்குள் வரும் வழிகாட்டி வடக்கே ஒரு காலை வைக்கச் சொல்லும். இங்கே அதுதான் இடிக்கும். ஒரு கால் தெற்கே பார்க்கட்டும், மற்ற இரண்டும் வடகிழக்கிலும் வடமேற்கிலும் விரியட்டும். பாரம் அந்த இரண்டுக்கும் நடுவே சுழலும். ஆனால் வடக்குப் பக்கம் சரியும் அபாயம் கூடும், கால்களை முழுதாக விரித்தே வையுங்கள். முக்காலித் தட்டில் திசைமுளை (மவுண்டை இடம்-வலம் திருத்தும் போல்ட்டுகள் அழுத்தும் முளை) ஒரு காலுக்கு நேரே பூட்டியிருந்தால் கழற்றி எதிர்ப்பக்கம் மாற்றவேண்டும்.

கோணத்தை இறக்க இரண்டு போல்ட்டையும் சேர்த்து இறுக்காதீர்கள். ஒன்றைத் தளர்த்திய பிறகுதான் மற்றதைத் திருகவேண்டும், இல்லாவிட்டால் போல்ட் வளையும். இறக்கும்போது குழாயும் எதிர்ப்பாரமும் கழற்றியிருக்கட்டும்.

அச்சு நோக்கவேண்டிய துருவ நட்சத்திரம் இங்கே ஏறத்தாழ 10 பாகை உயரத்தில்தான் நிற்கும். 20 மீற்றர் பனைக்கு மேலால் அதைப் பார்க்க, மரத்தில் இருந்து 120 மீற்றராவது தள்ளி நிற்கவேண்டும். வடக்கே கடல் உள்ள இடம் நல்லது: காரைநகர் கசூரினா, பருத்தித்துறைக் கரை. கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் என்றால் வளவுக்குள் போன் திசைகாட்டியே போதும். இரும்புக் காலுக்குக் கிட்ட வைத்து அளக்காதீர்கள், ஊசி பொய் சொல்லும்.

நல்லூர், ஒரு ஆசிரியை: முக்காலியின் போல்ட் மவுண்டுக்குள் பாதி ஏறி இறுகிவிட்டது. பலமாகத் திருகலாமா?

பதில்: வேண்டாம் ரீச்சர். கமரா முக்காலியில் இருப்பது 3/8 அங்குலப் புரி, தொலைநோக்கி முக்காலியில் அநேகமாக எம்10 என்ற மெற்றிக் புரி. விட்டம் 9.5 மில்லிமீற்றரும் 10 மில்லிமீற்றரும். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு சுற்று ஏறியதும் சிக்கும். பலம் போட்டால் அலுமினியப் புரி உரிந்துவிடும். பின்னோக்கித் திருகி எடுத்து, சரியான போல்ட்டோ மாற்றுப் புரியோ போடுங்கள்.

கொக்குவில்: ஏஇசட்-ஜிடிஐ எண்ட, போனால இயக்கிற மோட்டர் மவுண்ட் வாங்கினன். போனில சனியைத் தொட்டா வேற எங்கயோ போய் நிக்குது.

பதில்: முதலில் நேரம். எங்கள் நேர வலயம் +5.30, அரை மணி பிழைத்தால் 7.5 பாகை தள்ளிப் போகும். அடுத்தது மொபைல் டேற்றா. மவுண்டின் வைஃபையில் இணையம் இல்லாததால் சில போன்கள் தாமாகவே டேற்றாவுக்குத் தாவும், கட்டளை போய்ச் சேராது. டேற்றாவை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். முக்காலியை மட்டம் பார்த்து, குழாயைக் கிடையாக வடக்கே நீட்டி வைத்துப் பிறகு மின்சாரம் கொடுங்கள். ஒழுங்குபடுத்த எடுக்கும் இரண்டு நட்சத்திரமும் 20 முதல் 60 பாகை உயரத்தில் இருக்கட்டும், உச்சியில் உள்ளதைத் தவிருங்கள்.

எட்டு டபிள்-ஏ பற்றரி போடலாம். சார்ஜ் பண்ணும் வகை என்றால் 12 வோல்ட் வராது, 9.6தான், களைத்ததும் நடுவழியில் நிற்கும். வெளிப் பற்றரி கொடுக்கிறதென்றால் பிளக்கின் நடு ஊசி நேர்முனை. மாறிப் போனால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை எரியும்.

வேலணை: சோளகக் காத்துக்கு ஒண்டும் பாக்கேலாம இருக்கு.

பதில்: முக்காலியின் காலை நீட்டாதீர்கள், கதிரையில் இருந்து பாருங்கள். நடுக்கம்பியில் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானைத் தொங்கவிடுங்கள்; அடி நிலத்தில் மட்டுமட்டாகத் தொடவேண்டும், காற்றில் ஊஞ்சலாடினால் இன்னும் மோசம். மணலில் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு சாண் பலகை. மதிலின் தெற்குப் பக்கம் காற்று நேரே அடிக்கும், வடக்குப் பக்கம் ஒதுங்குங்கள்.

குழாயை விரலால் தட்டிப் பாருங்கள். 100 மடங்கில் இரண்டு விநாடியில் அடங்கினால் நல்ல மவுண்ட். ஐந்து விநாடி எடுத்தால் முதலில் கால் மூட்டுப் போல்ட்டுகளை இறுக்குங்கள், பாதிப் பேருக்கு அதுதான் குறை. கடற்கரையில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடவேண்டும்.

மானிப்பாய்: கனடாவில இருந்து மாமா வாறார். என்ன கொண்டுவரச் சொல்ல?

பதில்: மவுண்ட் தலையும் நீட்டுத்தூணும். பவர் பாங்க் என்றால் கைப்பையில். எதிர்ப்பாரம் வேண்டவே வேண்டாம், இரும்பை விமானத்தில் ஏற்றுவது வீண். லேத் பட்டறையில் 80 மில்லிமீற்றர் விட்டம், 50 மில்லிமீற்றர் நீள இரும்பு உருளையில் 20 மில்லிமீற்றர் துளை போட்டால் ஏறத்தாழ 1.85 கிலோ வரும். துளைக்கு முன் உங்கள் கம்பியின் விட்டத்தை வேர்னியரால் அளந்து கொடுங்கள். இறுக்கும் போல்ட்டுக்காக உருளையின் பக்கவாட்டில் ஒரு எம்8 புரியும் வெட்டச் சொல்லுங்கள். கம்பியின் நுனியில் தடுப்புத் திருகு இல்லாமல் பாரத்தை ஏற்றவேண்டாம். இரவில் கழன்று விழுந்தால் கால்விரலில்தான் விழும்.