தோட்டாவுக்குக் கணக்கு

அன்புள்ள ஐயா,

நாடுகளுக்கிடையே ஆயுதம் விற்பதைக் கட்டுப்படுத்தும் ஆயுத வணிக ஒப்பந்தம் பற்றி வகுப்பில் விவாதித்தோம். 2013இல் ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. காந்தி பிறந்த நாட்டுக்கு இது வெட்கக்கேடு இல்லையா? இந்த ஒப்பந்தம் ஒரு போரையாவது நிறுத்துமா?

இளமாறன்

அன்புள்ள இளமாறன்,

காந்தியை விட்டுவிடுங்கள், பாவம். எதற்கெடுத்தாலும் அவரைச் சாட்சிக்கு இழுக்கிறோம். விற்கிற நாடு நினைத்தபோது கையை விரித்துவிட இந்த ஒப்பந்தம் இடம் தருகிறது என்றது இந்தியா. வாங்குகிறவரின் கவலை அது. கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆதரவு 154, எதிர்ப்பு 3, ஒதுங்கியவை 23 என்ற கணக்கைப் பார்த்ததும் வெட்கப்படக் கிளம்பிவிட்டீர்கள். ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? மொத்தமே 28 பிரிவுகள். ஒரு மாலைப்பொழுது போதும்.

படித்திருந்தால் மூன்றாம் பிரிவில் நின்றிருப்பீர்கள். டாங்கி முதல் கைத்துப்பாக்கி வரை எட்டு வகை ஆயுதங்கள் இரண்டாம் பிரிவில் வந்துவிடுகின்றன. தோட்டா அதில் இல்லை. அதைச் சேர்க்கக் கூடாது என்று பேச்சுவார்த்தையில் முரண்டு பிடித்தது அமெரிக்கா. கடைசியில் தோட்டாவுக்குத் தனியாக ஒரு பிரிவு ஒதுக்கினார்கள். இனப்படுகொலைக்குப் போகும் என்று தெரிந்தால் தோட்டாவையும் ஏற்றுமதி செய்யக் கூடாது, நல்லது. ஆனால் விற்றதைப் பதிவேட்டில் ஏற்றும் கடமையும், கள்ளக்கைக்குப் போகாமல் தடுக்கும் கடமையும் தோட்டாவுக்குக் கிடையாது.

என் பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கும். தோட்டா வாங்கப் போனால், கடைக்காரர் உரிமப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, எத்தனை கொடுத்தார் என்று மையால் எழுதி முத்திரை வைத்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார். ஆண்டுக்கு இத்தனைதான் என்று வரம்பும் உண்டு. தேர்தல் வந்தால் துப்பாக்கியையே காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். "பன்றிக்குத் தேர்தல் தேதி தெரியுமா?" என்று பெரியப்பா புலம்புவார்.

பன்றி சுடுகிற குடியானவரிடம் இவ்வளவு கணக்குக் கேட்கத் தெரிந்த அரசுகள்தான், கப்பல் கப்பலாகப் போகிற தோட்டாவுக்குக் கணக்கு எழுத முடியாது என்கின்றன. துப்பாக்கி மூன்று தலைமுறைக்கு உழைக்கும். தோட்டா சுட்டால் தீர்ந்தது. மறுபடி யாராவது அனுப்பியாக வேண்டும். மடக்க வேண்டிய இடம் அதுதானே? சுட்டு விழுந்த பித்தளைக் கூட்டின் அடியில் பெரும்பாலும் தொழிற்சாலைக் குறியும் தயாரித்த ஆண்டும் பொறித்திருக்கும். போர் நடந்த இடங்களில் ஆய்வாளர்கள் அதைப் பொறுக்கிப் பார்க்கிறார்கள். எங்கே செய்தது என்று தெரிந்துவிடும். யார் யார் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள் என்பதற்குத்தான் காகிதம் இருப்பதில்லை.

போரை நிறுத்துமா என்றீர்களே, நிறுத்தாது. ஆனால் 2024 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம், எஃப்-35 போர் விமான உதிரிபாகங்கள் அங்கிருந்து இஸ்ரேலுக்குப் போவதை ஏழு நாளில் நிறுத்தச் சொன்னபோது இந்த ஒப்பந்தத்தையும் எடுத்துக்காட்டியது. வழக்கு பிறகு அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போனது; அது வேறு கதை. மூன்றாம் பிரிவைப் படித்துவிட்டு எழுதுங்கள், பேசலாம்.