பழைய டேப் ரெக்கார்டர்களில் இருந்த ‘மெகா பாஸ்’ பட்டன் உண்மையிலேயே வேலை செய்ததா, வெறும் விளம்பரமா?

வேலை செய்தது. பேஸ் (பாஸ் என்றும் எழுதுவார்கள்), அதாவது பாட்டின் அடியில் கேட்கும் கனத்த தாழ்ந்த ஒலி, அதைக் கூட்டித் தரும் பட்டன் அது. பழைய செட் ஒன்றை வாங்கி, வால்யூமை முழுக்க ஏற்றிவிட்டுப் பட்டனை அழுத்திப் பார்த்திருப்பீர்கள், பெரிய மாற்றம் தெரிந்திருக்காது. அதனால்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன்.

80களின் கடைசியில் என் சித்தப்பா ஷார்ஜாவிலிருந்து ஒரு சோனி செட் கொண்டுவந்தார். எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தை நன்றாகக் குறைத்து இளையராஜா கேசட் போடுவேன். பட்டன் இல்லாமல் குரலும் வயலினும்தான் கேட்கும். அழுத்தினால், அடியில் பேஸ் கிதார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போவது தெரியும். அதைக் கேட்டு வளர்ந்தவனிடம் ‘எல்லாம் ஏமாற்று’ என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. சத்தம் குறையக் குறைய நம் காது முதலில் இழப்பது பேஸைத்தான். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்து ஆராய்ச்சியாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். பழைய செட்டுகளின் ‘லவுட்னஸ்’ சுவிட்ச் இதை ஈடுகட்ட வந்ததுதான். பலவற்றில் வால்யூம் கன்ட்ரோலுக்குக் கூடுதலாக ஒரு கால் (ஒயர் இணைக்கும் முனை) இருக்கும், அதில் ஒரு கன்டென்சரும் ரெசிஸ்டரும், அவ்வளவே. பிறகு வந்த ஃபிலிப்ஸின் ‘டைனமிக் பாஸ் பூஸ்ட்’ போன்றவை ஒரு படி மேலே போய், சத்தம் ஏறும்போது பூஸ்ட்டைத் தாமாகவே குறைத்துக்கொண்டன. ஏனென்றால் 10 டெசிபல் பேஸ் கூட்டினால் அந்த இடத்தில் 10 மடங்கு பவர் வேண்டும். பேட்டரியில் ஓடும் செட் அதற்கு எங்கே போகும்? ஸ்பீக்கரும் பிளிறத் தொடங்கிவிடும்.

சின்னப் பெட்டியில் சர்க்யூட் மட்டும் என்ன கிழிக்கும் என்று யாராவது வருவார்கள். நியாயம்தான். ஒரு ஆக்டேவ் கீழே இறங்கி, அதாவது அதிர்வெண் பாதியாகி, அதே சத்தம் வேண்டுமானால் ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) 4 மடங்கு தூரம் ஆட வேண்டும். அதனால்தான் ஜேவிசி ஆர்சி-550 என்ற செட்டில் 10 அங்குல ஊஃபரையே (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) வைத்தார்கள். போஸ் நிறுவனம் 1984-இல் பெட்டிக்குள்ளேயே நீளக் குழாயை மடித்து வைத்தது. மற்றவர்கள் பெட்டியில் துளை போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் பேஸுக்குத் துணை சேர்த்தார்கள். இதற்குப் பெயர் பாஸ் ரிஃப்ளெக்ஸ். பட்டன் இதற்கெல்லாம் மாற்று என்று நான் சொல்லவில்லை.

    

சரி, உங்கள் செட்டுக்கு வருவோம். வால்யூமைக் கால்வாசியில் வைத்து அழுத்திப் பாருங்கள். அப்போதும் மாற்றமே இல்லையென்றால் சுவிட்சில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விடுங்கள்.