கப்பலில் ஏழு நாள், கரையில் எட்டு மணி நேரம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நானும் மனைவியும், மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி என ஐந்து பேர் அடுத்த மே மாதம் பார்சிலோனாவிலிருந்து புறப்படும் ஏழு இரவு மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்துக்குத் திட்டமிட்டிருக்கிறோம். எம்எஸ்சி, கோஸ்டா, ராயல் கரீபியன் ஆகிய மூன்றின் விலைகளையும் பயண முகவர் தந்திருக்கிறார். எம்எஸ்சி மிகவும் மலிவாகத் தெரிகிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மதுரை

பதில்: அந்த மூன்று தொகைகளையும் இப்போதிருக்கும் நிலையில் ஒப்பிட்டுப் பயனில்லை, ஒவ்வொரு நிறுவனமும் சில செலவுகளை உள்ளே வைத்தும் சிலவற்றை வெளியே விட்டும் விலை சொல்கிறது. அடிப்படைக் கட்டணம், துறைமுக வரி, ஓர் இரவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படும் சேவைக் கட்டணம், குடிபானங்கள், இணைய வசதி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரும்படி முகவரிடம் கேளுங்கள். ராயல் கரீபியனில் சாதாரண அறைகளுக்கே சேவைக் கட்டணம் ஓர் இரவுக்கு ஒருவருக்கு 18 டாலருக்கு மேல் ஆகிறது. குழந்தைக்கும் உண்டு என்பதால் ஐந்து பேருக்கு ஏழு இரவுகளில் அது 600 டாலரைத் தாண்டிவிடும். எம்எஸ்சியிலும் கோஸ்டாவிலும் இந்தக் கட்டணம் விலையில் அடங்குமா என்பது டிக்கெட் விற்கப்படும் நாட்டைப் பொறுத்து மாறுகிறது. இவ்விரண்டிலும் இரவு உணவு மேசைக்கு வரும் தண்ணீர்ப் பாட்டிலுக்கே பணம் வாங்கும் வழக்கம் உண்டு. ராயல் கரீபியனின் பிரதான உணவுக்கூடத்தில் தண்ணீர், தேநீர், காபி ஆகியவை கட்டணத்தில் அடங்கியவை. இவற்றையெல்லாம் கூட்டிய பிறகும் எம்எஸ்சியே மலிவாக இருக்கலாம். ஆனால் இடைவெளி இப்போது தெரியும் அளவுக்கு இருக்காது.

அடுத்தது, கப்பலின் நடைமுறை. எம்எஸ்சியும் கோஸ்டாவும் மேற்கு மத்தியதரைக் கடலில் பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, சிவிட்டாவெக்கியா (ரோமுக்கான துறைமுகம்) என்று வட்டமாகச் சுற்றி வருபவை. கிட்டத்தட்ட ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு கூட்டம் ஏறும், ஒரு கூட்டம் இறங்கும். உங்களுக்கு ரோமுக்கு விமானக் கட்டணம் குறைவாகக் கிடைத்தால் அங்கேயே ஏறிக்கொள்ளலாம் என்பது இதில் உள்ள வசதி. ஒரே அறிவிப்பை நாலைந்து மொழிகளில் கேட்க வேண்டியிருப்பதும், தினமும் யாரோ பெட்டி இழுத்துக்கொண்டு நடப்பதும் இதன் மறுபக்கம். ராயல் கரீபியனின் கப்பல்களில் பெரும்பாலும் எல்லோரும் ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்குவார்கள், புழங்கு மொழியும் ஆங்கிலம். குழந்தைகள் மன்றத்தில் பேத்தி நண்பர்களைத் தேடிக்கொள்ள அது உதவும். சைவ உணவு மூன்றிலும் கிடைக்கும். முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்து, முதல் நாள் மாலை தலைமைப் பரிமாறுநரை நேரில் பார்த்தும் சொல்லிவிடுங்கள். உணவுக்கூடத்தில் இந்தியப் பணியாளர் யாராவது இருப்பார். அவர் காதில் விழுந்துவிட்டால் பிறகு பருப்பும் சோறும் கேட்காமலே வரும்.

நெரிசலை அளக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. கப்பலின் மொத்த டன் எண்ணை (இது எடையன்று, உட்புறக் கொள்ளளவின் அளவு) அறைக்கு இருவர் என்ற கணக்கில் வரும் பயணிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கோஸ்டா ஸ்மெரால்டா சுமார் 1,85,000 டன், சுமார் 5,200 பேர், ஈவு 35. ராயல் கரீபியனின் சகோதர நிறுவனமான செலிப்ரிட்டியின் எட்ஜ் கப்பல் சுமார் 1,30,000 டன், சுமார் 2,900 பேர். ஈவு 45ஐ நெருங்குகிறது. காலை உணவுக்குத் தட்டேந்தி இடம் தேடும்போது இந்தப் பத்துப் புள்ளிகளின் அருமை விளங்கும். உங்கள் முகவர் குறிப்பிடும் கப்பலுக்கும் இதே வகுத்தலைச் செய்து பாருங்கள்.

ஆனால் நான் கடைசி முடிவை எடுக்கப் பயன்படுத்துவது இவற்றில் எதுவும் அன்று. துறைமுக நேர அட்டவணைதான். ஒரே ஊரில் ஒரு கப்பல் காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை நிற்கும். இன்னொன்று 8 மணிக்கு வந்து 5 மணிக்குப் புறப்பட்டுவிடும். ரோம் போன்ற ஊரில் அந்த மூன்று மணி நேரம் பாதி நாளுக்குச் சமம். சென்னையிலிருந்து இத்தனை தூரம் போய்விட்டு, நீர்ச்சறுக்கு மரம் எத்தனை மாடி உயரம் என்று பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது எனக்கு உவப்பானதன்று. நேரங்கள் சமமாக இருந்தால் மட்டுமே விலையைப் பாருங்கள்.

கேள்வி: சிவிட்டாவெக்கியாவில் கப்பல் நிற்கும் நாளில் நாங்களே ரயிலில் ரோமுக்குப் போய்வரலாமா? கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்கு ஆளுக்கு நிறையக் கேட்கிறார்கள். தாமதமானால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, திருச்சி

பதில்: உறவினர்கள் சொல்வது உண்மைதான். கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். தனியாகப் போனவருக்கு இரண்டுமில்லை, அடுத்த ஊருக்கு அவர் தம் செலவில்தான் வந்துசேர வேண்டும். ஆனாலும் ரயிலில் போய்வருவது நன்றாகவே கைகூடும் காரியம். நாளைப் பின்னாலிருந்து முன்னோக்கிக் கணக்கிட வேண்டும், அவ்வளவுதான்.

கப்பல் இரவு 7 மணிக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். பயணிகள் பொதுவாக அரை மணி நேரம், சில கப்பல்களில் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். ஆகவே 5 மணிக்கெல்லாம் சிவிட்டாவெக்கியா நிலையத்தில் இறங்கிவிடுவது என்று வைத்தால், ரோமிலிருந்து மூன்றரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். காலையில் கப்பல் 7 மணிக்குக் கட்டப்பட்டாலும் உடனே இறங்க முடியாது. இறங்கிய பிறகு துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள். இலவசப் பேருந்து லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு நகரப் பேருந்து உண்டு, கடற்கரையோரமாக நடந்தும் போகலாம். உள்ளூர் ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரோமா சான் பியெத்ரோவை அடையும். ரோமின் மத்திய ரயில் நிலையமான டெர்மினிக்குப் போக இன்னும் சற்று நேரமாகும். டிக்கெட் ஐந்து யூரோவை ஒட்டியது. காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடைக்கு அருகிலிருக்கும் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள மறக்காதீர்கள். முத்திரையில்லாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு.

ஆக, ரோமில் கையில் கிடைப்பது ஆறு மணி நேரம். இதில் வத்திக்கான் அருங்காட்சியகத்தையும் கொலோசியத்தையும் சேர்த்து உள்ளே போய்ப் பார்ப்பது நடக்காது. ஒன்றுக்கு முன்பதிவு செய்து, மற்றதை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். சான் பியெத்ரோ நிலையத்திலிருந்து புனித பேதுரு சதுக்கம் நடைதூரம் என்பதால், முதல்முறை செல்பவர்களுக்கு நான் வத்திக்கானையே சொல்வேன். கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும், புதன்கிழமை காலைகளில் சதுக்கத்தில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடந்தால் பேராலயத்துக்குள் போகத் தாமதமாகும். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சிடப்படும் என்பதால் அடையாள ஆவணம் கையில் இருக்க வேண்டும்.

ரயிலை நம்பிப் போவோர் அஞ்ச வேண்டியது தாமதத்துக்கன்று, வேலைநிறுத்தத்துக்கு. இத்தாலியில் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுபவை; போக்குவரத்து அமைச்சகத்தின் பட்டியலில் தேதியைப் பார்க்கலாம். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறைந்தபட்ச ரயில்கள் ஓடும் என்ற உத்தரவாதம் உண்டு என்றாலும், மாலை நேரம் உங்களுக்குப் பயன்படாது. அப்படிப்பட்ட நாளில், ரோமுக்குக் கூட்டிப்போய் இறக்கிவிட்டு மாலையில் திரும்ப அழைத்துவரும் கப்பல் பேருந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாவைவிட அது மலிவு. கப்பல் காத்திருக்கும் உறுதியும் அதற்கு உண்டு. கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சி நிரல் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். இறங்குமுன் அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லிவோர்னோவில் நிற்கும் நாளில் ஃப்ளோரன்ஸ், பீசா இரண்டையும் பார்த்துவிட முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியும், ஆனால் இரண்டும் மனதில் நிற்காது. லிவோர்னோ நிலையத்திலிருந்து பீசா கால் மணி நேரம் சொச்சம். ஃப்ளோரன்ஸ் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கப்பலிலிருந்து நகர மையத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து நிலையத்துக்கு இன்னொன்று என்று இரு முனையிலும் நேரம் கரையும். கப்பல் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஃப்ளோரன்ஸ் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்: பேராலயம், சிஞ்ஞோரியா சதுக்கம், பொன்தே வெக்கியோ பாலம் மூன்றும் ஒன்றுக்கொன்று சில நிமிட நடையில் உள்ளன. திங்கட்கிழமையாக இருந்தால் உஃபிட்சி ஓவியக்கூடமும் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதெமியாவும் மூடியிருக்கும்.

குழந்தைகள் உடன் வந்தால் நான் ஃப்ளோரன்ஸையே விட்டுவிடுவேன். பீசாவைக் காலையில் பார்த்துவிட்டு, அங்கிருந்து அரை மணி நேர ரயிலில் லூக்காவுக்குப் போனால், பழைய கோட்டைமதிலின் மேல் மரநிழலில் நான்கு கிலோமீட்டர் சுற்றளவுக்கு வாடகை மிதிவண்டியில் வலம் வரலாம். சாய்ந்த கோபுரத்தில் ஏற எட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்த குழந்தைகளை அனுமதிப்பதில்லை.

கேள்வி: விளம்பரத்தில் ‘வெனிஸ்’ என்று போட்டு, அருகே சிறிய எழுத்தில் ‘ரவென்னா’ என்று இருக்கிறது. என்ன பொருள்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கப்பல் வெனிஸுக்குப் போகாது என்று பொருள். 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜுதெக்கா கால்வாய் வழியாக நகரின் முன்னே செல்ல 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை இருப்பதால், பெரிய கப்பல்கள் மார்கேரா, திரியெஸ்தே, ரவென்னா போன்ற இடங்களுக்கு மாறிவிட்டன. ரவென்னாவிலிருந்து வெனிஸுக்குச் சாலை வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். ஒரே பகலில் போய்த் திரும்புவது அலைச்சல். பயணம் அங்கே தொடங்கினாலோ முடிந்தாலோ வெனிஸில் இரண்டு இரவுகள் தனியாகத் தங்கிக்கொள்வதே சரி.

கேள்வி: என் தாயாருக்கு வயது எழுபத்திரண்டு, முழங்கால் வலி உண்டு. கிரேக்கத் தீவுகளுக்குச் செல்லும் கப்பலில் சாண்டோரினி இருக்கிறது. சிரமமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: சாண்டோரினியில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது, கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குவார்கள். படகில் ஏறும் இடத்தில் அலை தூக்கி இறக்கும். முழங்கால் சரியில்லாதவர் மாலுமியின் கையைப் பிடித்தபடி சரியான கணத்தில் அடியெடுத்து வைக்க வேண்டும். பழைய துறையிலிருந்து மலைமேல் இருக்கும் ஃபிரா ஊருக்கு 588 படிகள். கழுதைச் சவாரியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மிஞ்சுவது கம்பிவடப் பெட்டி. மாலையில் எல்லாக் கப்பல்களின் கூட்டமும் அதன் வாசலில்தான் நிற்கும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சேர்ந்தால் பெரும்பாலும் அதினியோஸ் துறையில் இறக்கிப் பேருந்திலேயே மேலே கொண்டுபோவார்கள். தாயாருக்காக இந்த ஒரு நாள் மட்டும் அந்தச் செலவைச் செய்யலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாண்டோரினியிலும் மிக்கோனோஸிலும் இறங்கும் ஒவ்வொருவருக்கும் கிரேக்க அரசு 20 யூரோ வசூலிக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாதையை மாற்ற இன்னும் வாய்ப்பிருந்தால், கப்பல் கரையை ஒட்டியே நிற்கும் ஊர்கள் மிகுந்த பயணத்தைத் தேடுங்கள். நேப்பிள்ஸில் துறைமுகமே நகரின் நடுவில் இருக்கிறது, எதிரே கோட்டை. ரோட்ஸில் பழைய நகரின் மதில் சில நிமிட நடை. மால்டாவின் வலேட்டாவில் கடலோரத்திலிருந்து மேல் பராக்கா பூங்காவுக்கு 2012இல் திறக்கப்பட்ட உயரமான லிஃப்ட் இருக்கிறது. அதில் ஏறினால் துறைமுகம் முழுவதும் காலடியில் தெரியும், ஒரு படிகூட ஏற வேண்டாம்.

கேள்வி: இந்தக் கப்பல் பயணங்களுக்கு ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா போதுமா?
– வாசகர், சேலம்

பதில்: ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா என்று ஷெங்கன் நாடுகளுக்குள்ளேயே (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) பாதை முடிந்தால் போதும். நடுவில் துனிசியாவோ துருக்கியோ வந்தால் வெளியேறி மீண்டும் நுழைவதாகிவிடும். பலமுறை நுழைவு விசாவைக் கேட்டு வாங்குங்கள், அந்த நாடுகளின் விசா விதிகளையும் தனியே பாருங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாட்கள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடை நெருங்கினால் நேர்காணல் தேதி கிடைப்பது கடினம். முன்பதிவுத் தாளில் துறைமுகங்களும் நேரங்களும் வரிசையாக அச்சிடப்பட்ட பக்கத்தையும் விண்ணப்பத்துடன் இணைத்துவிடுங்கள்.