கேள்வி பதில்: முப்பத்துமூன்று வீதம் காடு

கேள்வி: சூழல் சமநிலைக்கு ஒரு நாட்டில் 33 வீதம் காடு இருக்கவேண்டும் என்று மகன் இந்திய யூடியூப் வகுப்பொன்றில் கேட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் காடு எங்கே என்று என்னைக் கேட்கிறான். என்ன சொல்ல? (வாசகி, கோண்டாவில்)

பதில்: அந்த 33 இந்தியக் கணக்கு. நாடு முழுவதற்கும் மூன்றில் ஒரு பங்கு என்று 1952 வனக் கொள்கையில் வைத்த இலக்கை 1988 கொள்கையிலும் வைத்தார்கள், அதில் மண் அரித்துப் போகும் மலைப்பகுதிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்றார்கள். 33 என்றால் சமநிலை, 32 என்றால் அழிவு என்று இயற்கை எங்கேயும் கோடு கிழித்து வைக்கவில்லை. இந்தியாவும் இன்னும் அதைத் தொடவில்லை, 2023 இந்திய வன நிலை அறிக்கைப்படி காடும் மரப்பரப்பும் சேர்த்தே 25.17 வீதம்தான், அதிலும் ஒரு ஹெக்டேர் நிலத்தில் பத்து வீதத்தை மரத்தலைகள் மூடியிருந்தால் தோப்பும் காடாகிவிடும்.

இலங்கையில் 2030க்குள் 32 வீதம் காடு என்பது நாங்கள் பரிஸ் காலநிலை உடன்படிக்கைக்குக் கொடுத்த வாக்கு. அது முழுத் தீவுக்குமான கணக்கு, ஆகவே குடாநாடு சிங்கராஜாவாக மாறத் தேவையில்லை.

எங்களுக்கு ஆறென்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். மற்றபடி சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். எனவே கடனீரேரி ஓரக் கண்டலும், பனங்கூடலும், கடற்கரைப் பற்றையும்தான் இங்கே காடு. மகனை மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்கு ஒருக்கால் கூட்டிப் போங்கள். மேலே பச்சையாக இருக்கும், உள்ளே சவுக்குச் சருகில் கால் புதையும், புல்லைத் தேடவேண்டும். மணலைப் பிடிக்க நட்ட மரம் அது, அந்த வேலையைச் செய்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அதையும் சுண்டிக்குளத்துக் கண்டலையும் ஒரே வீதத்துக்குள் போட்டுக் கூட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: போருக்குமுன் நாங்கள் செய்த வன்னிக் காணி இப்போது காடென்று எல்லைக்கல் போட்டிருக்கிறது. இது நியாயமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: இடம்பெயர்ந்து ஆளில்லாமல் கிடந்த வயலில் பற்றை வளரத்தான் செய்யும். வரைபடத்தில் பச்சையைப் பார்த்துக் கல் நட்டால் இப்படித்தான் ஆகும், வடக்கில் இந்த முறைப்பாடு நிறையப் பேரிடம் இருக்கிறது. காடு கூடவேண்டும், சரி, அதற்கு விதைத்தவனின் காணியா கிடைத்தது? உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிப்பற்றுச்சீட்டு எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுங்கள், பிரதியில் சீல் வாங்காமல் வராதீர்கள்.

கேள்வி: வளவில் நிற்கும் பனையைத் தறிக்கலாமா? (வாசகர், அளவெட்டி)

பதில்: பலா, ஈரப்பலா போலப் பெண்பனைக்கும் அனுமதி வேண்டும். வடலியில் ஆணா பெண்ணா என்று தெரியாது, பாளை விடவே பன்னிரண்டு முதல் இருபது வருடம் ஆகும். முதலில் விதானையாரை (கிராம அலுவலரை) கேளுங்கள், கோடரி பிறகு.