பள்ளம் உருண்டையா, சதுரமா?

கேள்வி: அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். குழல்வாய் வழியே கருமருந்து கெட்டித்துச் சுடும் 50 காலிபர் ரைஃபிள் ஒன்றை நானே செய்யப் போகிறேன். குழல் இரண்டு வகையில் கிடைக்கிறது: குண்டைச் சுழல வைக்க உள்ளே சுற்றிச் செல்கிற பள்ளத்தின் அடி சதுரமாக இருப்பது, உருண்டையாக இருப்பது. துணி சுற்றிய ஈய உருண்டைதான் போடுவேன். எதை வாங்கலாம்?

பதில்: உருண்டை அடியையே எடுங்கள். குறி விஷயத்தில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் கழுவும்போதுதான் தெரியும். கருமருந்து எரிந்தால் பாதிக்குப் பாதி கசடாகத்தான் மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். சதுரப் பள்ளத்தின் மூலைகளுக்குள் துடைக்கிற துணி சரியாகப் போகாது. உருண்டையில் மூலையே இல்லை. வெந்நீரும் சோப்பும் போட்டு நாலு இழுப்பு இழுத்தால் வந்துவிடும்.

ஆனால் ஆழத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சதுரப் பள்ளம் பெரும்பாலும் 0.010, 0.012 அங்குலம் இருக்கும், உருண்டைப் பள்ளம் 0.016 வரை போகும். 50 காலிபர் என்றால் குழலின் உள்விட்டம் 0.500 அங்குலம். அப்படியானால் பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ப்பக்க அடிக்கு 0.532 அங்குலம். நீங்கள் 0.490 குண்டுக்கு 0.015 துணி சுற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 0.520தான், இடுக்கு வழியாகப் புகை முந்திக்கொண்டு துணியைக் கருக்கும். 0.020 கனத்தில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி போடுங்கள், மொத்தம் 0.530 ஆகி இடைவெளி ஏறக்குறைய அடைபடும்.

பள்ளத்தின் வடிவத்தைவிடப் பெரிய விஷயம் புரி, அதாவது எத்தனை அங்குல நீளத்தில் பள்ளம் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பது. துணி சுற்றிய குண்டுக்கு 60 முதல் 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்கிற மெதுவான புரி போதும். 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, உருண்டைக் குண்டு, கூம்புக் குண்டு இரண்டையும் சமாளிக்கச் செய்த சமரசம். 28க்கு ஒரு சுற்று வேண்டவே வேண்டாம், அது நீளக் கூம்புக் குண்டுக்கானது. அதில் பள்ளமும் ஆழமில்லாமல் இருக்கும்.

புரி மெதுவாக இருந்தால் எந்தக் கூம்புக் குண்டும் ஆகாது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1857 கிளர்ச்சியில் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே என்ஃபீல்டு துப்பாக்கியில் மூன்றே பள்ளம், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதன் குண்டுக்கு அடியில் குழி உண்டு. சுட்டதும் விரிந்து பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலோட்டமான பள்ளமாக இருந்தால்தான் அது நிரம்பும். பின்னால் அந்த மாதிரிக் குண்டு மேல் ஆசை வந்தால் ஆழமான உருண்டைப் பள்ளம் ஒத்துவராது, இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

குழல் வந்ததும் வாயோரத்தை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் கெட்டிக்கும்போதே துணியை வெட்டும். வழவழப்பாக்கித் தரச் சொல்லுங்கள். அப்புறம் முதல் நாள் சுட்ட துணிகளைப் பொறுக்குங்கள், சில கஜம் முன்னால் கிடக்கும். பள்ளத்துக்குப் பள்ளம் கோடு போட்ட மாதிரி கிழிந்திருந்தால் புதுக் குழலில் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடு கூர், கொஞ்சம் சுட்டால் மழுங்கும். நடுவில் கருகி ஓட்டையானால் துணி மெல்லிசு, இல்லை எண்ணெய்ப் பசை போதவில்லை.